இது நகர்வு அல்ல

பெரியம்மாவின் வேலை கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது. முப்பத்தொரு வருஷம் அதைத்தான் செய்தாள். கையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பச்சை வெல்வெட்டில் குழி குழியாக வெட்டி உட்கார வைத்த பித்தளை எடைகள். பொடி எடைகளை எடுக்க ஓர் இடுக்கி. எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை குத்த ஒரு சுத்தியல். எடைகளை விரலால் தொடமாட்டாள். விரலில் ஒட்டியிருக்கும் பிசுக்குக்கும் எடை உண்டு என்பாள். காலையில் ஒரு கடைத்தெருவின் இந்த முனையில் நுழைந்தால் சாயங்காலம் மறுமுனையில் வெளியே வருவாள். நடுவில் யார் நாற்காலி இழுத்துப் போட்டாலும் உட்காரமாட்டாள். தேநீர் நீட்டினால் வாங்கமாட்டாள்.

கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'தராசு'. 'தராசு வருது, தராசு வருது' என்று அவளுக்கு முன்னால் செய்தி கடைகடையாக ஓடும். அது அவள் காதிலும் விழும். உள்ளூர அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தே இருந்தது. ஒருமுறை தன் வீட்டுக்குக் கீழே இருந்த காய்கறிக் கடையின் தராசு மூன்று கிராம் தள்ளி நிற்பதைக் கண்டுபிடித்து, அதைக் கட்டிச் சீல் வைத்துவிட்டாள். புதுத் தராசு வரும்வரை கடைக்காரரால் விற்க முடியவில்லை. விற்காத கடையில் வாங்கவும் முடியாதே. ஒரு வாரம் வெங்காயத்துக்காக இரண்டு தெரு தள்ளி நடந்தாள். தினமும் படியருகே அவரும் அவளும் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், 'நேரம் சரியா அமையல' என்பாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் சதுரங்கப் பலகை. எதிர்ப்பக்கம் நாற்காலி கிடையாது. எதிராளி இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தாள். அந்த எதிராளி என் அம்மா.

அம்மா பேசுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மீதியை எங்களிடம் பேசுவாள். பெரியம்மா ஒரு நாளில் பேசுவதை அம்மா பல் தேய்ப்பதற்குள் பேசி முடித்துவிடுவாள் என்று அப்பா சொல்வார்.

இந்த இருவரும் சதுரங்கம் பழகியது சத்தம் போடக்கூடாது என்பதற்காக. அவர்களுடைய அம்மாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. பகலில் தூங்கியாக வேண்டும். இருந்தது ஒரே அறை. பாட்டி தூங்கும் கட்டிலுக்குக் கீழே இரண்டு பெண்களும் பலகையை விரித்து உட்காருவார்கள். சின்னவள் எதையாவது பேசிவிடுவாள் என்பதால் பெரியவள் ஒரு சட்டம் போட்டாள்: காயை நகர்த்தினால் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது.

எழுதும் முறையையும் அவர்களே உண்டாக்கினார்கள். பலகையின் எட்டு வரிசைகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ. குறுக்கே ஒன்றிலிருந்து எட்டு. ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் உ4. குதிரைக்குக் கு, யானைக்கு யா, மந்திரிக்கு ம. ராஜாவுக்கும் ராணிக்கும் முதலெழுத்து ஒன்றாகப் போனதால் முதல் நாளே சண்டை வந்தது. கடைசியில் ராஜாவுக்கு ஜா, ராணிக்கு ணி என்று வாலைப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டினால் ஒரு பெருக்கல் குறி. ராஜாவுக்கு ஆபத்து வைத்தால் கூட்டல் குறி. சின்னக் கோட்டை கட்டினால் கோ, பெரிய கோட்டைக்குக் கோகோ.

வளர்ந்து, வேறு வேறு ஊருக்குப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் ஆளுக்கு ஒரு நகர்வு. 'குஊ3' என்று பெரியம்மா சொல்வது எங்கள் கூடம் முழுக்கக் கேட்கும். நான் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படிப்பதற்கு முன்பே, உயிரெழுத்துகளுக்கு எண் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

பாட்டி கடைசியில் எங்கள் வீட்டில் இருந்தாள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, பெரியவளிடம் சொல்ல வேண்டாம் என்று பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். பெரியம்மா ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வருடாந்தரச் சோதனை நடந்துகொண்டிருந்தது. சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள் என்பது பாட்டியின் எண்ணம். பதினெட்டு நாள் அம்மா சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் சொன்னபோது பெரியம்மா முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வந்து சேர்ந்தபோது பாட்டி போய்விட்டிருந்தாள்; அறையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

மூன்று நாள் பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது கூடத்தில் நின்று கேட்டாள்.

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"பதினெட்டு நாளாக்கா. அம்மா சொல்ல வேணாம்னாங்க."

"பதினெட்டு நாள். ஒரு நாள்கூட உனக்குச் சொல்லத் தோணல."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே எனக்கு நீ எதுவுமே சொல்ல வேணாம்."

அதோடு பத்து மாதம் போனது. பெரியம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதை எனக்கு மட்டும் சொன்னாள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தால் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாராவது சமாதானம் பேசப் போனால், 'அவ மறைச்சா' என்ற இரண்டு வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவாள். நான் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமையில் போய் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோர மேசையில் ஆட்டம் பாதியில் நின்றது. பெரியம்மா ஒவ்வொரு காயாகத் தூக்கித் தூசு துடைத்து அதே கட்டத்தில் வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவளாகவே சொன்னாள்: "அவளோட பேசறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆட்டம் பாதியில நிக்குது. பாக்கப் பாக்க உறுத்துது."

நான் தூது போனேன். அதற்கு அப்புறம் பட்ட பாட்டை என்ன சொல்ல. பெரியம்மா என்னிடம் போனில் சொல்லி அனுப்புவாள்: "குதிரையை வெட்டறேன்னு சொல்லு. வெட்டறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் வெட்டறேன்னும் சொல்லு." அம்மா அதைக் கேட்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே பதில் தருவாள்: யானையை நகர்த்துகிறாளாம், யானைக்குக் கண் சின்னதாக இருந்தாலும் எதிரே நிற்பவரின் கஷ்டம் தெரியுமாம். ஒரு நகர்வுக்கு ஒரு குத்தல். மூன்றாம் வாரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. இவர்களுக்கு நடுவே ஆள் கூடாது, இயந்திரம்தான் சரி என்று முடிவு செய்தேன்.

என் பிழைப்பும் ஒருவகையில் பெரியம்மாவின் பிழைப்புதான். கணினியில் மக்கள் நிரப்பும் விண்ணப்பங்களுக்கு விதி எழுதுகிறேன். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் ஒருவர் தன் பெயரை எழுதினால், 'எண்ணை மட்டும் எழுதவும்' என்று சிவப்பில் வருகிறதல்லவா, அதற்குப் பின்னால் என் மாதிரி யாராவது இருப்பார்கள். அந்த விதிகளை எழுதும் முறைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். வாய்க்குச் சுலபமாக ரெஜெக்ஸ். இந்த இடத்தில் இந்த எழுத்துகளில் ஒன்று வரலாம், வராமலும் போகலாம், அடுத்து ஓர் எண் கட்டாயம் வர வேண்டும் என்று ஒரே வரியில் குறிகளால் சொல்லிவிடலாம். வருவது அந்த வடிவத்துக்குள் அடங்கினால் உள்ளே விடும்; அடங்காவிட்டால் திருப்பி அனுப்பும்.

அப்படி ஒரு சின்ன நிரலை எழுதி, அதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் வாங்கினேன். இருவரும் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வந்தது சதுரங்க நகர்வாக இருந்தால் மற்றவருக்குப் போகும். வேறு ஒரு சொல் சேர்ந்திருந்தாலும் அனுப்பியவருக்கே 'இது நகர்வு அல்ல' என்று பதில் போகும். பெரியம்மாவிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டாள். "முத்திரை இல்லாம எதுவும் போகாது. நல்லது," என்றாள்.

முதல் வாரமே மானம் போனது. காய்களின் எழுத்துகளை ஒரு சதுர அடைப்புக்குள் வரிசையாகப் போட்டிருந்தேன்: [குயாமஜாணி]. இவற்றில் ஏதாவது ஒன்று வரலாம் என்று அர்த்தம். உ4 என்று சிப்பாயை அனுப்பிப் பார்த்தேன், போனது. மஆ5 என்று மந்திரியை அனுப்பினேன், அதுவும் போனது. சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அம்மா மூன்று நாளாகக் குதிரையை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்று நாளும் 'இது நகர்வு அல்ல'. பெரியம்மா எனக்குப் போன் செய்து, 'வேணும்னே இழுக்கறா' என்றாள். அம்மா எனக்குப் போன் செய்து, 'உன் மிஷினையும் அவ பக்கம் சேத்துக்கிட்டாளா?' என்றாள்.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நமக்குக் கு ஒரே எழுத்து. கணினிக்கு அது இரண்டு: க தனி, அதன் சுழி தனி. சதுர அடைப்பு ஒன்றைத்தான் உள்ளே விடும். கு வந்தால் 'க'வை உள்ளே விட்டுவிட்டு, சுழியை வாசலில் பார்த்து முழித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும். யா, ஜா, ணி எல்லாவற்றுக்கும் அதே கதி. ம மட்டும் சுழியும் காலும் இல்லாத எழுத்து. ஆக, மூன்று நாளாக எங்கள் குடும்பத்தில் மந்திரிகளும் சிப்பாய்களும் மட்டும் நடமாடியிருக்கிறார்கள். வரிசைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை; அ முதல் ஏ வரை எல்லாம் தனி எழுத்து, கணினியும் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறது. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து யோசித்த பெண்களை மனதுக்குள் மெச்சிக்கொண்டு, காய்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதினேன்:

(கு|யா|ம|ஜா|ணி)?[அ-ஏ]?[1-8]?×?[அ-ஏ][1-8]\+?

காய் ஒன்று இருக்கலாம்; எங்கிருந்து வருகிறது என்பது இருக்கலாம்; வெட்டு இருக்கலாம்; போய்ச் சேரும் கட்டம் கட்டாயம் வேண்டும்; ஆபத்துக்குறி இருக்கலாம். கோட்டைக்குத் தனி வரி. அதன் பிறகு குதிரை ஓடியது.

அடுத்த புகார் பெரியம்மாவிடமிருந்து வந்தது. அம்மா அவசரத்தில் தன் சிப்பாயைத் தாண்டி யானையைக் குதிக்க வைத்திருந்தாள். நிரல் அதை அனுப்பிவிட்டது. இது என்ன சோதனை என்று பெரியம்மா கேட்டாள். இது எழுதிய வடிவத்தை மட்டும்தான் பார்க்கும், ஆட்டம் அதற்குத் தெரியாது என்றேன்.

"நான் எடைக்கல் சரியா இருக்கான்னு பாத்தேன். கடைக்காரன் நல்லவனான்னு பாக்கல. சரி, விடு," என்றாள்.

பிறகு ஒரு சலுகை கேட்டாள். அம்மாவின் நகர்வு மோசமாக இருந்தால், அதையே திருப்பி எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட அனுமதி வேண்டும். கேள்விக்குறியை அனுமதித்தால் நல்ல நகர்வுக்கு ஆச்சரியக்குறியையும் அனுமதிப்பதுதான் நியாயம் என்று இரண்டையும் சேர்த்தேன். ஒரு மாதம் கேள்விக்குறிகளாகப் போயின. ஒருநாள் அம்மா சாப்பாட்டு மேசையில் தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். பெரியம்மாவிடமிருந்து 'குஈ5!' என்றிருந்தது. அன்று அவள் எனக்கு இரண்டு தடவை பரிமாறினாள்.

இப்படி ஐந்து மாதம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நான் அந்த நிரலை மறந்தே போனேன். ஒரு புதன்கிழமை அலுவலகத்தில், பழைய நிரல்களை ஒழுங்குபடுத்தும்போது அதன் கணக்கு கண்ணில் பட்டது. போய்ச் சேர்ந்த நகர்வுகள் நாற்பத்தொன்று. திருப்பி அனுப்பியவை முந்நூற்று நாற்பது.

பகீரென்றது. மறுபடியும் ஏதோ எழுத்தில் சறுக்கிவிட்டேன், பாவம் இரண்டு பேரும் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில், திருப்பி அனுப்பியதை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது வழக்கம். விதியில் குற்றம் இருந்தால் திருத்த உதவும். குதிரைச் சிக்கலைத் தீர்த்த அன்று, பழக்கத்தில் இதற்கும் அப்படி ஒரு கோப்பு வைத்திருந்தேன். இருவரிடமும் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை. திறந்தேன்.

முதல் வரி பெரியம்மாவுடையது. நிரல் தொடங்கி ஒன்பதாம் நாள், மதியம்.

'இங்கே மழை.'

இது நகர்வு அல்ல.

மறுநாள் அம்மா.

'அக்கா, இன்னிக்கு எனக்குக் குரல் கட்டிக்கிச்சு. யாருமே கவனிக்கல.'

இது நகர்வு அல்ல.

பிறகு பெரியம்மா, 'அம்மாவோட மூக்குக்கண்ணாடி என்கிட்டதான் இருக்கு. நீ தேடியிருப்பே.' அம்மா, 'சளி மருந்தைப் பாதியில நிறுத்தாதே.' பெரியம்மா, 'முட்டி வலிக்குமே, பஸ் ஸ்டாண்ட் படியிலே கம்பியைப் பிடிச்சு ஏறறியா?' அம்மா, வெறுமனே, 'அக்கா.' பெரியம்மா, 'இன்னைக்கு அம்மா இருந்தா எண்பத்திரண்டு.'

ஒவ்வொன்றுக்கும் கீழே என் இயந்திரத்தின் அதே பதில். இது நகர்வு அல்ல. இது நகர்வு அல்ல. பதினோராவது வரியில் பெரியம்மா அந்த இயந்திரத்துக்கே பதில் எழுதியிருந்தாள்.

'தெரியும்.'

நான் கோப்பை மூடிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர், கண்ணில் என்ன என்று கேட்டார். திரையின் வெளிச்சம் என்றேன்.

எழுதினால் போகாது என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். ஒரு சொடுக்கில் முந்நூற்று நாற்பதையும் என்னால் இரண்டு பக்கமும் அனுப்பிவிட முடியும். அன்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பினால் சண்டை தீரலாம். ஆனால் போகாது என்ற தைரியத்தில் ஒருவர் சொன்னதைப் போக வைப்பதற்கு நான் யார்? பாட்டியின் விஷயத்தில் அம்மா சொல்லாமல் விட்டது ஒரு தப்பாகப் போனது. நான் சொல்லித் தப்பு செய்யப் பயந்தேன். சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டும் ஒரே நீளம். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கோப்பு இருக்கிறது, திறந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். கத்தி நின்றது.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"பதினொண்ணு. அதுக்கு மேல முடியல பெரியம்மா."

"அது காத்துல போயிடும்னு நெனச்சேன்," என்றாள். முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு பீன்ஸை நறுக்கினாள். அவை ஒரே நீளமாக இல்லை.

"அவளும் எழுதினாளா?"

அதைச் சொல்லக்கூடாது என்றேன். சொல்லக்கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று தராசுக்குத் தெரியாதா?

"என்ன எழுதினான்னு கேக்கல. எத்தனைன்னு மட்டும் சொல்லு."

"நீங்க நூத்தி அறுபத்தி மூணு. அம்மா நூத்தி எழுபத்தி ஏழு."

பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"பதினாலு அதிகம்," என்றாள். "எப்பவும் அவதான் அதிகமா பேசுவா."

அந்தச் செய்திகளை அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அதில்கூட எழுதாத ஒன்று பாக்கியிருக்கிறது, அதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்றாள். அம்மாவுக்கு எப்போது வேலை என்று விசாரித்தாள். திங்கட்கிழமை காலை முறை என்றேன். வீட்டுக்கு வரலாமே என்றதற்கு, "வீட்டுல வச்சுத்தானே சண்டை போட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். அறிவிப்பு அறை இரண்டாம் நடைமேடைக்கும் மூன்றாம் நடைமேடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக், நுழைவாயிலில் இருந்து தகவல் வரும் ஒரு தொலைபேசி. ஒரு வண்டி உள்ளே நுழைந்ததும் தொலைபேசி அடிக்கும். அம்மா மைக்கின் பொத்தானை அழுத்தி அறிவிப்பாள். நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டி. அம்மா எங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"உட்காரு," என்றாள் பெரியம்மா, கூண்டுக்குள் நுழைந்தபடி. "நான் நின்னே சொல்றேன்."

அம்மா உட்கார்ந்தாள்.

"அம்மா போறதுக்கு ஆறு நாள் முன்னாடி என்கிட்ட போன்ல பேசினாங்க. நல்லாருக்கேன்னாங்க. குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

தொலைபேசி அடித்தது. அம்மா பெரியம்மாவைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினாள். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று அவள் குரல் வெளியே முழங்கியது. பெரியம்மா அது முடியும்வரை கைகட்டி நின்றாள்.

"ரெண்டு கடைத்தெரு பாக்கி இருந்துச்சு. என் கடைசிச் சோதனை. மூணு நாள் வேலைதான், முடிச்சிட்டுப் போயிடலாம்னு கணக்குப் போட்டேன். மழையில ஆறு நாளாச்சு. நீ மறைச்சதால வர முடியலன்னு ஊரெல்லாம் சொன்னேன். நீ மறைச்சது நிஜம். ஆனா எனக்குத் தெரியாம இல்ல."

மறுபடி தொலைபேசி. மறுபடி ஒரு வண்டி. இந்த முறை அம்மாவின் குரல் நடுவில் ஓர் இடத்தில் இறங்கி ஏறியது. பொத்தானை விட்டதும் அவள் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குப் போனை வச்சதுமே அம்மா சொன்னாங்க. 'பெரியவளுக்குத் தெரிஞ்சிடுச்சு, குரல் மாறிடுச்சு. கையில இருக்கற வேலையை முடிச்சிட்டு வருவா, அவ அப்படித்தான்'னு. கோவமா சொல்லலக்கா. சிரிச்சிட்டே சொன்னாங்க."

பெரியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அத்தனை பேசினப்ப நீ ஏன் இதைச் சொல்லல?"

"சொன்னா அப்புறம் நீ எப்படித் தூங்குவே?"

தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்துக் கேட்டாள், வைத்தாள், மைக்கருகே குனிந்தாள். வாய் திறக்கவில்லை. கண்ணில் இருந்து கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வண்டி நடைமேடையில் வந்து நின்றுவிட்டது; எது என்று தெரியாமல் ஜனங்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி நகர்த்தினாள். பெரியம்மா அதைப் படித்துவிட்டு, அவள் கைக்கு மேலே தன் கையை வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"பன்னெண்டு முப்பத்தஞ்சு வண்டி. அஞ்சாவது நடைமேடை. வரிசையா ஏறணும்."

கடைத்தெருவில் முப்பத்தொரு வருஷம் பேசிய குரல். அந்த நிலையத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஜனங்கள் வரிசையில் நின்று ஏறினார்கள் என்று அம்மா இன்றும் சொல்கிறாள்.

முறை முடியும்வரை பெரியம்மா கூண்டுக்குள்ளேயே நின்றாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். சேர்த்து வைத்த முந்நூற்று நாற்பதை என்ன செய்வது என்று இரண்டாம் நாள் பேச்சு வந்தது. அம்மாவுக்குப் படிக்க ஆசை; கெஞ்சினாள். பெரியம்மா மாட்டவே மாட்டேன் என்றாள். "தெரியணும்னா கேளு, சொல்றேன்," என்று ஒரேயடியாக முடித்துவிட்டாள். இருவர் முன்னாலேயே கோப்பை அழித்தேன். ஆட்டம் அவர்கள் இருவர் கையாலேயே பலகையில் முடிந்தது. அம்மா தோற்றாள். அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுபடியும் ஆரம்பமா என்று அப்பாவிடம் கேட்டேன். அது வெறும் ஆட்டக் கோபம்தான் என்று அப்பா சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு போதுமா என்ற பேச்சில் அது கரைந்தது.

போன மாதம் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை நீக்கினார்கள். ஒரு வாரத்துக்குக் குனியக்கூடாது, தலையை அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்த இரண்டு அறையில் தங்கினாள். சனிக்கிழமை நான் போனபோது இருவரும் மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒரு கண்ணில் கட்டோடு சுவரைப் பிடித்து நிற்க, அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அவளுடைய செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப இறுக்கிட்டே," என்றாள் பெரியம்மா.

"நாலு படி இறங்கிப் பாரு. அப்பவும் இறுக்கமா இருந்தா தளர்த்தறேன்."

பெரியம்மா அவள் தோளில் கை வைத்து இறங்கினாள். நாலாவது படியில் நின்று, காலை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த படியில் கால் வைத்தாள். அம்மா எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.